பதம் பார்த்த கை

என்னை முதலில் கெடுத்தவன் ஆவுடையப்பன். அவனுக்குப் பிறகு கெடுத்தவர்கள் ஊரில் பலர் உண்டு, வியாபாரிகள் சங்கத் தலைவர், கணக்கு எழுதிய ஆடிட்டர், காளியம்மன் கோயில் பூசாரி என்று வரிசையாகச் சொல்ல என்னால் முடியும், ஆனால் வரிசை அவனிடமிருந்துதான் தொடங்குகிறது. அவன் என் மனைவி பேச்சிக்கனியின் கூடப் பிறந்த அண்ணன். நேரில் பார்த்தால் இன்றைக்கும் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன், வாங்க போங்க என்றுதான் பேசுவேன், எழுதும்போது மட்டும் அவன் என்று வந்துவிடுகிறது, வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். இதை இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் அவன்தான் காரணம்.

எங்கள் ஊர் கரிசல் காட்டில் ரயில் நிற்கிற ஊர். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்கிற மண், பெய்யாவிட்டால் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கிற மண். அந்த ஊர் வெல்ல மண்டியில் நான் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன், ஆவுடையப்பன் அதே மண்டியில் சிட்டை எழுதிக்கொண்டிருந்தான். என் வலது கைக்கு ராசி உண்டு என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. புதுக்கடை திறப்பவர்கள் முதல் வியாபாரத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள், நான் ஒரு சோப்போ ஒரு பாக்கெட் ஊதுவத்தியோ வாங்கிவிட்டு வருவேன், அந்தக் கடை நிற்கும். நான் தொட்டுத் திறந்த கடைகள் இன்றைக்கும் பஜாரில் இருக்கின்றன, ஒருவரும் என்னை இப்போது உள்ளே கூப்பிடுவதில்லை.

அந்தக் கைக்கு இன்னொரு வேலையும் தெரியும். பேச்சிக்கனிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒற்றைத் தலைவலி. வெயில் ஏறினால் வலது பக்க நெற்றியில் ஆரம்பித்துக் கண்ணுக்குள் இறங்கும், வாந்தி எடுப்பாள், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். கல்யாணமான மூன்றாம் நாள் எனக்கு இது தெரிந்தது. நான் உள்ளங்கையை அவள் நெற்றியில் வைத்துப் பெருவிரலால் கண்ணோரப் பொட்டை அழுத்தினேன், வலி இறங்கிவிட்டது. எந்த மாத்திரைக்கும் இறங்காத வலி அந்தக் கைக்கு இறங்கியது. அதற்குப் பிறகு அவள் தலைவலிக்குப் பயந்ததே இல்லை.

கடலை மிட்டாய் போடலாம் என்று சொன்னது ஆவுடையப்பன். மண்டிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு அடுப்பு, ஒரு சட்டி, இரண்டு தட்டு, ஒரு உருட்டுக் கட்டை, அவ்வளவுதான் தொடக்கம். கடலையை வறுப்பதும் தோல் புடைப்பதும் யாராலும் முடியும். பாகில்தான் எல்லாம் இருக்கிறது. வெல்லப்பாகு கொதித்துக்கொண்டே இருக்கும்போது ஒரு நேரம் வரும், கண் இமைக்கிற நேரம், அதற்கு முன்னால் சட்டியை இறக்கினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், பின்னால் இறக்கினால் கசக்கும். மற்றவர்கள் கரண்டியில் எடுத்துத் தண்ணீரில் விட்டு, உருட்டிப் பார்த்து, யோசித்து முடிப்பதற்குள் அது போய்விடும். நான் விரல்களைப் பச்சைத் தண்ணீரில் முக்கி எடுத்து, கொதிக்கிற பாகில் நேராக ஒரு கிள்ளு கிள்ளி, பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு உருட்டு உருட்டுவேன். வந்துவிட்டது என்றால் சட்டி விளிம்பில் விரல் கணுவால் இரண்டு தட்டு. டக், டக். அந்தச் சத்தம் கேட்டதும் எதிரே நிற்கிறவர்கள் இறக்குவார்கள்.

இரண்டு தட்டு என்றால் இறக்கு. எங்கள் கொட்டகையில் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

ஆவுடையப்பனுக்கு உரியதை அவனுக்குச் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் என் பேச்சு மற்றதிலும் நிற்காது. அவன் மாதிரி நடந்தவனை நான் பார்த்ததில்லை. சைக்கிளில் டின்னைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாகப் போனான், ரயிலில் விற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பிடித்தான், கடைக்காரனின் பிள்ளை எந்த வகுப்பு, மனைவிக்கு எந்த மாதம், மாமனாருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று எல்லாம் ஞாபகம் வைத்திருந்து கேட்பான். ஒரு மிட்டாய் ஈரம் பட்டு இளகியிருந்தால் அந்த டின்னையே திருப்பி வாங்கிக்கொள்வான். கொட்டுகிற மழையில் ஒரு நாள் இருபது மைல் போய் ஒரே ஒரு டின்னை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்து காய்ச்சலில் விழுந்தான், நான்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். மூன்று வருடத்தில் அடுப்பு நான்காயிற்று, கொட்டகை கட்டடமாயிற்று. லேபிளில் என்ன படம் போடலாம் என்று அவன் கேட்டபோது நானே என் உள்ளங்கையை மையில் முக்கிக் காகிதத்தில் அழுத்திக் கொடுத்தேன். கை மார்க் கடலை மிட்டாய். தேர்தல் வந்தால் அதிகாரிகள் வந்து போர்டில் இருக்கிற கையைச் சாக்கால் மூடிக் கட்டிவிட்டுப் போவார்கள், ஓட்டு எண்ணி முடித்த பிறகு ஆவுடையப்பனே ஏணியில் ஏறி அவிழ்ப்பான். அதைக்கூடச் சிரித்துக்கொண்டே செய்வான்.

அந்த வருடம் ஆயுத பூசை வெள்ளிக்கிழமையில் வந்தது. சட்டி, கரண்டி, கட்டை, கத்தி, தராசு எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வாழை இலையில் பரப்பி வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு துண்டு பூ. பூசை வைத்த ஆயுதத்தை மறுநாள் விடிகிறவரை யாரும் எடுக்கக் கூடாது, இடத்தை விட்டு நகர்த்தவும் கூடாது, இது எல்லாத் தொழிலுக்கும் உள்ள வழக்கம்தான். பூசாரி தட்டில் சூடம் ஏற்றப் போகும் நேரத்தில் ஆவுடையப்பன் தடுத்தான்.

“பொறுங்க சாமி, பெரிய ஆயுதம் ஒண்ணு பாக்கி இருக்கு. மாப்ள, கையை நீட்டு.”

வேலைக்காரப் பெண்கள் சிரித்தார்கள். பேச்சிக்கனி சிரிக்கவில்லை. “அண்ணே, மனுசக் கைக்கு எதுக்குப் பொட்டு, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு” என்றாள்.

“ஏ புள்ள, உன் புருசன் கையை நான் கும்பிடுதேன். அது உனக்குப் பொறுக்கலயா?”

“நீ சும்மா இரு” என்று நான் அவளைத்தான் அதட்டினேன். நாலு பேர் பார்க்க, மச்சான் என் கையைச் சாமிக்குச் சமமாக வைக்கிறான், எனக்கு உடம்பு புல்லரித்தது. கையை இலை மேல் நீட்டினேன், தராசுக்கும் கத்திக்கும் நடுவில். அவன் சந்தனம் வைத்தான், குங்குமம் வைத்தான், மணிக்கட்டில் பூவைச் சுற்றினான், பூசாரி சூடம் காட்டினார், எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவளை அதட்டிய அந்த மூன்று வார்த்தையை மட்டும் யார் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் காலையில் பல் தேய்க்க வேப்பங்குச்சி எடுக்கப் போனபோது என் வலது கை மணிக்கட்டோடு நின்றிருந்தது. ரத்தம் இல்லை, வலி இல்லை, தழும்பும் இல்லை, பிறந்ததிலிருந்தே அப்படி இருந்தவனுக்கு இருப்பது போல வழவழவென்று இருந்தது. பேச்சிக்கனி வந்து பார்த்தாள், தொட்டுப் பார்த்தாள்.

“பூசை வச்ச எடத்துலயே இருந்துட்டு போல” என்றாள். “விடிஞ்சாச்சுல்லா, போய் எடுத்துட்டு வாங்க. காபி ஆறிரும்.”

நான் போனேன். விஜயதசமி அன்று அடுப்பு பற்றவைத்தே ஆக வேண்டும் என்று விடிந்ததுமே பற்றவைத்திருந்தார்கள், தீபாவளிக்கு மிட்டாய் கேட்டுப் பல ஊர்க் கடைக்காரர்கள் எழுதியிருந்தார்கள். அடுப்பில் நிற்கிற பாண்டியம்மாள் என்னைப் பார்த்து, “அண்ணாச்சி, உங்க கை உங்களுக்கு முன்னாலயே வேலைக்கு வந்துட்டு” என்றாள். அது சட்டி ஓரத்தில் இருந்தது. பொட்டு அழியவில்லை, பூ வாடியிருந்தது. தண்ணீரில் முக்கிக்கொண்டது, பாகைக் கிள்ளியது, உருட்டியது, டக் டக் என்று தட்டியது, பாண்டியம்மாள் இறக்கினாள். நான் மணிக்கட்டை அதன் அருகில் கொண்டுபோய் வைத்தேன். கை ஒரு கணம் நின்றது, விரல்கள் என் பக்கம் லேசாகத் திரும்பின, நான் அதைப் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. அடுத்த சட்டி பொங்கியது. கை அந்தப் பக்கம் போய்விட்டது.

“தீபாவளி முடியட்டும் மாப்ள” என்றான் ஆவுடையப்பன். “கை எங்க போவுது, நம்ம கைதானே.”

அந்தத் தீபாவளி போலக் கை மார்க் மிட்டாய் அதற்கு முன் விற்றதில்லை. என்னோடு இருந்தபோது அந்தக் கை சில நாள் தப்பும், எனக்குக் காய்ச்சல் என்றால், வீட்டில் சண்டை என்றால், ராத்திரி சரியாகத் தூங்காவிட்டால் ஒரு சட்டி இளகும், ஒரு சட்டி கசக்கும். நான் இல்லாத கை ஒரு சட்டிகூடத் தப்பவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆவுடையப்பனும் சொன்னதில்லை, ஆனால் அவனுக்குத் தெரியும், நான் வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் அவன் பார்வை அதைச் சொல்லும்.

தீபாவளி முடிந்து பொங்கல் வந்தது, பொங்கல் முடிந்து கோயில் கொடை வந்தது, கொடை முடிந்து சிங்கப்பூரிலிருந்து மிட்டாய் வாங்க ஒரு ஆள் வந்தான். நான் சங்கத்தில் பிராது வைத்தேன். கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள், தலைவர் நடுவில் உட்கார்ந்தார், பூசாரியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். “முறைப்படி பூசை வச்சேன், ஆயுதம்னு சொல்லித்தான் வச்சேன்” என்றார் பூசாரி.

“அப்படின்னா பட்டறைச் சாமான்” என்றார் தலைவர். “கொல்லன் சம்மட்டியை வீட்டுக்கா கொண்டு போறான்?”

“சம்மட்டி கொல்லன் உடம்புல முளைக்கலையே அண்ணாச்சி” என்றேன்.

“உமக்குத்தான் இன்னொண்ணு இருக்கே வேய், ஆவுடையப்பனுக்குச் சட்டி இருபது ஓடுது” என்று பின்வரிசையில் ஒருவன் சொன்னான். கூட்டம் சிரித்தது, அதோடு கலைந்தது. அந்தக் குரல் பாத்திரக்கடைக்காரன் சங்கிலியுடையது. அவன் கடைக்கு முதல் வியாபாரம் நான்தான் செய்தேன், ஒரு எவர்சில்வர் தம்ளர். அந்தத் தம்ளரில்தான் இன்றைக்கும் தண்ணீர் குடிக்கிறேன்.

ஆடிட்டர் கையை இயந்திரங்கள் என்ற தலைப்பில் எழுதினார். வருடா வருடம் தேய்மானம் கழித்தார். பதினோராம் வருடத்தோடு காகிதத்தில் என் கைக்கு மதிப்பு எதுவும் இல்லாமல் போயிற்று, ஆனால் வேலை செய்துகொண்டிருந்தது.

ஊர் அதற்குள் பழகிவிட்டது. ஊர் எதற்கும் பழகிவிடும். கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்தைக் கைக் கம்பெனி என்று கூப்பிட்டார்கள். புதுக்கடை திறப்பவர்கள் சாவியைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை கம்பெனி வாசலில் வரிசையில் நின்றார்கள், கை ஒரு சட்டிக்கும் அடுத்த சட்டிக்கும் நடுவில் வந்து தொட்டுக் கொடுத்தது. சுகாதார அதிகாரி வந்து நகம் வளர்ந்திருக்கிறதே என்று கேட்டார், அன்றிலிருந்து புதன்கிழமை தோறும் பாண்டியம்மாள் அதற்கு நகம் வெட்டிவிட்டாள், வெயில் காலத்தில் கொப்புளம் வந்தால் மஞ்சள் அரைத்துப் பூசினாள். கல்லூரிப் பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டிவந்து காட்டினார்கள். ரேஷன் கடையில் ரேகை வைக்கிற மெஷின் வந்தபோது என் இடக்கை விரல் எதற்கும் அது பச்சை விளக்கு காட்டவில்லை, அதனால் மாதத்தில் ஒரு நாள் ரேஷன் கடைக்காரர் மெஷினைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்கு வருவார், நான் பையோடு பின்னால் போவேன், கை ரேகை வைக்கும், நான் அரிசி வாங்கிக்கொண்டு போவேன். என் அரிசிக்கு என் கையிடம் போய் நின்றவன் நான்.

வாசலில் உட்கார்ந்து ஆட்களைப் பார்த்துக்கொள் என்று ஆவுடையப்பன் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தான். நான் உட்காரவில்லை. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை வைத்தேன். வருகிற ஆட்கள் எல்லோரும் கை மார்க் இருக்கா என்று கேட்டார்கள், இல்லை என்றால் திரும்பிப் போனார்கள், நான்கு மாதம் தாக்குப்பிடித்துவிட்டு நானும் வாங்கி வைத்தேன். என் உள்ளங்கை போட்ட லேபிளை என் இடக்கையால் எடுத்துக் கொடுத்தேன்.

பேச்சிக்கனிக்குத் தலைவலி வந்தால் நான் இடது கையை வைத்துப் பார்ப்பேன். “இது வேற ஆளு கை மாதிரி இருக்குங்க” என்பாள், கோபமாகச் சொல்ல மாட்டாள், கையை மெதுவாக எடுத்துவிட்டுச் சேலைத் தலைப்பைக் கிழித்து நெற்றியைச் சுற்றி இறுகக் கட்டிக்கொள்வாள். அந்தக் கட்டு போடாத அவள் முகம் எனக்கு மறந்துவிட்டது. ஒரே ஒரு முறை அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள், என்னிடம் சொல்லாமல் போனாள், திரும்பி வந்துதான் சொன்னாள்.

“என்ன சொன்னாவ?”

“தலைவலிக்கு ஒரு தைலம் குடுத்தாவ. சிங்கப்பூர் தைலமாம்.”

“கையைக் கேட்டியா?”

“கேட்டேன். தங்கச்சி, உனக்கு ஒரு தலை, எனக்கு இருநூறு குடும்பம், நீயே சொல்லுன்னாவ. நான் என்னத்தச் சொல்ல.”

தைலத்தை அவள் ஜன்னல் மேல் வைத்தாள். திறக்கவே இல்லை.

ஒரு வருடம் பொறியியல் கல்லூரியில் ஆவுடையப்பனை மேடையில் ஏற்றினார்கள். தொழில் தொடங்கி வளர்ப்பது எப்படி என்று அவன் பேச வேண்டும். மிட்டாய் கொடுக்கிறார்கள் என்று ஊரே போயிருந்தது, நானும் கடையைச் சாத்திவிட்டுப் போய்க் கடைசியில் நின்றேன். உழைப்பு வேண்டும் என்றான், அது உண்மை. சொன்ன சொல் தவறக் கூடாது என்றான், கடைக்காரர்களிடம் அவன் தவறியதில்லை, அதுவும் உண்மை. தரத்தில் ஒரு மயிரிழை குறையக் கூடாது என்றான். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். ஒரு பெண் எழுந்து, “ஐயா, முதல்ல எப்படித் துணிஞ்சீங்க” என்று கேட்டாள். அவன் கூட்டத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான் என்றே நினைக்கிறேன், “கூட நம்பிக்கையான ஒரு கை இருந்தது” என்றான். எல்லோரும் தட்டினார்கள். நான் ஒரு கையால் எதைத் தட்டுவது. இன்னும் ஒன்று இருக்கிறது, அந்தக் கைக்குச் சொந்தக்காரன் நாலு பேர் பார்க்கக் கும்பிட்டால் மயங்கிவிடுகிற முட்டாளாக இருக்க வேண்டும், அதை அவன் சொல்லவில்லை, பிள்ளைகளும் எழுதிக்கொள்ளவில்லை.

கை போன பதினேழாம் வருடம் பேச்சிக்கனியின் வலி இறங்காத வலியாயிற்று. மதுரைக்குக் கொண்டுபோனேன். மூளைக்குள் கட்டி இருக்கிறது, எடுக்கிற இடத்தில் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அப்போதும் தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அவள் கட்டிலில் கிடந்தாள், நெற்றிக் கட்டு வியர்வையில் நனைந்திருந்தது, பேசினால் வலித்ததால் ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள்.

“அந்தக் கை ஒரு தடவை வேணுங்க.”

நான் கம்பெனிக்குப் போனேன். பதினேழு வருடம் கழித்து முதல் முறையாக அவன் அறைக்குள் போய் நின்றேன்.

“மச்சான், பேச்சி முடியப்போற நெலமையில இருக்கா. கையைக் கேக்கா.”

ஆவுடையப்பன் எழுந்துவிட்டான். அவனுக்குக் கண் கலங்கியது, அதை நான் மறைக்கவில்லை. கலங்கிய கண்ணோடு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

“எத்தனை நாளா இப்படி? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மாப்ள?”

“இப்ப சொல்லுதேன்.”

“ரெண்டு சட்டிக்கு நடுவுல கொண்டு போங்க. முக்கால் மணி நேரம். நிறுத்தினா அம்பது டின்னு போவும், தீபாவளிக்குக் குடுத்த வாக்கு. நானும் வந்து பாக்கேன், இந்த லோடு போகட்டும்.”

கம்பெனி வேனில் கை வந்தது. எவர்சில்வர் டப்பாவுக்குள் ஈரத் துணி சுற்றி வைத்திருந்தார்கள், பாண்டியம்மாள் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், கூட ஒரு சூப்பர்வைசர். உச்சி வெயில். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது, கையைக் கம்பெனிக்கு வெளியில் பார்ப்பது அதுதான் முதல் முறை. பேச்சி எப்படி இருக்கிறாள் என்று இரண்டு பேர் கேட்டார்கள். புது டெம்போ வாங்கிய எதிர்வீட்டுக்காரன் சாவியை நீட்டி, “வந்தது வந்தாச்சு, இதையும் ஒரு தொடு தொட்டுட்டுப் போகட்டும் பாண்டியக்கா” என்றான். பாண்டியம்மாள் அவனை ஒரு பார்வை பார்த்தாள், அவன் சாவியை மடியில் சொருகிக்கொண்டான்.

நான் நெற்றிக் கட்டை அவிழ்த்தேன். பதினேழு வருடம் கழித்து அந்த நெற்றியைப் பார்த்தேன், கட்டு இருந்த இடம் மட்டும் வெளுத்து, சின்னப் பெண்ணின் நெற்றி போல இருந்தது. கையைக் கட்டிலில் வைத்தார்கள். அது விரல்களைத் தூக்கிக்கொண்டு சும்மா இருந்தது. “தண்ணி கேக்குது” என்றாள் பாண்டியம்மாள், செம்பில் கொண்டுவந்து வைத்தாள். கை விரல்களை முக்கி எடுத்தது. பேச்சிக்கனியின் நெற்றி மேல் போய்ப் படிந்தது.

அவள் கண்ணை மூடினாள். “வந்துட்டீங்களா” என்றாள்.

நான் அந்தப் பக்கம் தலைமாட்டில்தான் உட்கார்ந்திருந்தேன், கல்யாணமான நாளிலிருந்து அங்கேதான் இருந்தேன். அவள் அதை என்னிடம் கேட்கவில்லை.

“இன்னும் அதே சூடு” என்றாள். உள்ளங்கை நெற்றியை அழுத்தியது, பெருவிரல் பொட்டுக்குப் போனது, சரியான இடத்துக்கே போனது. அவள் முகத்தில் வலி இறங்குவதை நான் பார்த்தேன், புருவத்திலிருந்து இறங்கியது, வாயிலிருந்து இறங்கியது. பிறகு கை அழுத்துவதை நிறுத்திவிட்டுப் பொட்டில் இருந்த தோலைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஒரு உருட்டு உருட்டியது. கொஞ்சம் பொறுத்தது. இன்னொரு உருட்டு. கட்டில் சட்டத்துக்கு வந்து விரல் கணுவால் தட்டியது.

டக், டக்.

பாண்டியம்மாள் பதினேழு வருடப் பழக்கத்தில் சட்டியைப் பிடிக்க இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்துவிட்டாள். அப்புறம்தான் அவளுக்குத் தெரிந்தது. நீட்டிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். நான் பேச்சிக்கனியின் மூக்கருகில் இடது கையை வைத்துப் பார்த்தேன்.

சூப்பர்வைசர் வாசலில் நின்று மெதுவாக, “அக்கா, அடுத்த சட்டி” என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவன் சம்பளக்காரன். கையை ஈரத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கு அடுத்த சட்டியில் கை விளிம்பில் படுத்துக் கிடந்ததாம், தண்ணீரைத் தொடவில்லை, பாகைத் தொடவில்லை, தட்டவில்லை. தட்டாமல் இறக்கி யாருக்கும் பழக்கமில்லை, எல்லோரும் சுற்றி நின்றபடியே பாகு பொங்கிக் கருகிப் புகைந்து போயிற்று. அந்தக் கருகல் வாசம் எங்கள் தெரு வரைக்கும் வந்தது, நான் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதை முகர்ந்தேன். அது துக்கமா, இல்லை வேனில் வந்த களைப்பா, எனக்குத் தெரியாது. அதற்கடுத்த சட்டியிலிருந்து சரியாகிவிட்டது.

ஆவுடையப்பன் சாயங்காலம் பிறந்த வீட்டுக் கோடியோடு வந்தான், பட்டுச் சேலை, பெரிய மாலை. தங்கச்சி காலைப் பிடித்துக்கொண்டு அழுதான், பார்த்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். வாய்க்கரிசி போடுகிற நேரம் வந்தது. அவன் வலது கையால் ஒரு பிடி அள்ளி அவள் வாயில் போட்டான், அவன் பிள்ளைகள் போட்டார்கள், பாத்திரக்கடை சங்கிலிகூடப் போட்டான். என் முறை வந்ததும் நான் இடது கையால் அள்ளினேன்.

“வேய், எடக்கையால போடக் கூடாது, அவ போற எடத்துல பசியா இருப்பா” என்றார் பூசாரி. “யாரையாவது போடச் சொல்லிட்டு நீரு தொட்டுக்கிடும்.”

நான் பிடி அரிசியோடு திரும்பினேன். ஊரே நின்றது. “மச்சான், கையைக் கொண்டுவரச் சொல்லுங்க. ஒரு பிடி போடணும். போட்டதும் கொண்டுபோயிருங்க.”

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. “மாப்ள, இன்னிக்கே ஒரு சட்டி கருகிட்டு. மறுபடி வெளிய எடுத்தா அதுக்கு என்ன ஆகும்னு தெரியல. தீபாவளி முடியட்டும், பதினாறாம் நாள் விசேசத்துக்கு நானே கொண்டுவந்து வைக்கேன்.”

அவர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் பிடியைப் பிரிக்காமல் பின்னால் நடந்தேன்.

பதினாறாம் நாள் சிங்கப்பூருக்குக் கண்டெய்னர் ஏற்றுகிற நாளாக இருந்தது. வருடத் திதி அன்று கம்பெனியின் புதுக் கட்டடத்துக்கு முகூர்த்தக்கால் நட்டார்கள். இப்போது ஆவுடையப்பனுக்கு நடக்க முடியவில்லை, மகன் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து கையைக் காட்டிவிட்டுக் கூட்டிப்போகிறான். என் இடது கையில் நரம்பு தெரிகிறது, தோல் சுருங்கிவிட்டது, அந்தக் கைக்கு இன்னும் முப்பது வயதுதான் இருக்கும் என்று பாண்டியம்மாள் சொல்கிறாள். நான் இறந்தால் கை நின்றுவிடுமா என்று அவன் மகன் ஆடிட்டரிடம் கேட்டானாம். அதிலிருந்து மாதம் ஒரு முறை கம்பெனியிலிருந்து ஒரு டாக்டர் என் கடைக்கு வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார். என் உடம்பு இவ்வளவு அக்கறையாக எப்போதும் கவனிக்கப்பட்டதில்லை.

அந்த அரிசி என்னிடம் இருக்கிறது. அவள் நெற்றியில் கட்டியிருந்த துணியில் முடிந்து, சங்கிலி கடையில் வாங்கிய தம்ளருக்குள் வைத்து மூடியிருக்கிறேன், தண்ணீர் குடிக்கும்போது எடுத்து வெளியில் வைத்துவிட்டு மறுபடி வைப்பேன். இரண்டு தரம் வண்டு விழுந்தது. பொறுக்கிப் போட்டுவிட்டு, குறைந்ததற்கு வேறு அரிசி சேர்க்காமல் முடிந்து வைத்தேன், அவளுக்கென்று அள்ளியது அதுதான். ஒரு பிடியாக இருந்தது இப்போது முக்கால் பிடி இருக்கும். ஆவுடையப்பன் கொண்டுவந்து வைப்பதாகச் சொன்ன கை இன்னும் வரவில்லை. வந்தால் போட வேண்டிய வாய் எது என்று என்னைக் கேட்காதீர்கள், கை வரட்டும், அதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.